உப்பிட்டவர் யார்?

விசுவாசம் என்னும் சொல்லை நாம் எல்லோருக்கும் வழங்கிவிடுவதில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதவனையும், இடுக்கண் வந்தபோது தோழனைக் கைவிடாதவனையுமே அச்சொல்லால் குறிக்கிறோம். அத்தகைய சொல்லை இக்காலத்து வாணிபம் எடுத்தாளும் விதத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியது. போட்டி மூண்டது. ஒருமுறை வந்த பயணி மறுமுறையும் தம்மிடமே வரவேண்டும் என்று கருதிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், 1981 மே மாதத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பறக்கும் மைல்கள் கணக்கில் ஏறும். கணக்கு நிறைந்தால் இலவசப் பயணம் கிட்டும். சில நாட்களிலேயே யுனைட்டெட் நிறுவனமும் அவ்வழியில் வந்தது. பின்னர் வெள்ளி, பொன், பிளாட்டினம், வைரம் என்றெல்லாம் பயணிகளுக்குப் படிகள் வகுக்கப்பட்டன. மேற்படியில் உள்ளவருக்கு, முன்பகுதியில் இடம் காலியாக இருந்தால், கூடுதல் கட்டணமின்றி அகன்ற இருக்கை தரப்படும். இவற்றுக்கு வாணிப உலகம் இட்ட பெயர் விசுவாசத் திட்டம்.

'காலியாக இருந்தால்' என்னும் நிபந்தனையில்தான் மனக்கசப்பு பிறக்கிறது. காலியிடத்தையும் சிறு கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஆண்டெல்லாம் பறந்தவர் பின்வரிசைக்குப் போக, அன்றைக்குச் சில டாலர் கூட்டிக் கொடுத்தவர் முன்னே அமர்கிறார். 2023 செப்டம்பரில் டெல்ட்டா நிறுவனம் மேற்படிகளை எட்டுவதற்கான செலவுத் தொகையை உயர்த்தியபோது எழுந்த சினம் கண்டு, அதன் தலைவரே தாம் எல்லை கடந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே நிபந்தனைகள் ஓரளவு தளர்த்தப்பட்டன.

இதனினும் சிந்திக்கத்தக்கது ஒரு வழக்கு. நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் உயர்படி பெற்றிருந்த யூத மதகுரு ஒருவர், சேவையில் கண்ட குறைகளை அடிக்கடி எடுத்துரைத்து வந்தார். 2008-இல் அந்நிறுவனம் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கியது. நன்னம்பிக்கையோடு நடந்துகொள்ளும் கடமை நிறுவனத்துக்கு இல்லையா என்று அவர் வழக்காடினார். 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாதத்துக்கு இடந்தரவில்லை என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனநிறைவு இல்லையேல் வேறு நிறுவனத்தை நாடலாமே என்பதும் அத்தீர்ப்பில் கண்ட கருத்தாகும்.

சட்டம் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அறம் வேறொன்றைக் கேட்கிறது. அன்பின் மொழியில் அழைத்துவிட்டு, கணக்குத் தீர்க்கும் வேளையில் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தைக் காட்டுவது நேர்மையாகுமா? விதிகளைத் தான் விரும்பியபோது மாற்றும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒருவன் தரும் வாக்கு எத்தகைய வாக்கு?

பயணியின் பக்கமும் பிழை உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் மூதுரை. இங்கே உப்பிட்டவர் பயணி, உண்டது நிறுவனம். நன்றிக்கடன் எப்பக்கம் இருக்க வேண்டும்? அதை மறந்து, கொடுத்தவரே விசுவாசியாக நின்று, எறியப்படும் சலுகைக்குக் காத்திருக்கிறார். திரைக்கு முன்னே அமர்வதைத் தம் மதிப்பின் அளவுகோலாகவும் கொண்டுவிடுகிறார். இருக்கை கிடைக்காத அன்று அவர் உணர்வது இடநெருக்கடியை மட்டுமன்று, அவமதிப்பையும்தான்.

மைல்களைச் சேர்ப்பதில் குற்றமில்லை; சலுகையைச் சலுகையாகவே பெறலாம். விசுவாசத்தை மட்டும் அதற்கு ஈடாக வைக்க வேண்டியதில்லை. குறை சொன்னதற்காகப் பெற்றோர் நம்மை வீட்டுக் கணக்கிலிருந்து நீக்குவதில்லை. நல்ல நண்பனும் நீக்குவதில்லை. நம் குறையைக் கேட்டுப் பொறுத்து, பிறகும் நம்மோடு இருப்பவர்களுக்கு நாம் பட்ட கடனே பெரிது. அவர்களைக் காணச் செல்லும் பயணத்தில் நமக்கு எந்த வரிசை கிடைத்தால் என்ன?