மஞ்சள் அறையின் வாசல்

அறைக்குள் ஒன்றுமே இல்லை. ஓவியம் இல்லை, சிலை இல்லை. கூரையில் வரிசையாக விளக்குகள். அவற்றிலிருந்து இறங்கும் மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். டென்மார்க்கில் பிறந்த, ஐஸ்லாந்து வேர் கொண்ட கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் 1997-இல் உருவாக்கிய இந்தப் படைப்பின் பெயர் 'ஒரே நிறத்துக்கான அறை'.

உள்ளே நுழைகிறவரின் பார்வை முதலில் கூட வந்தவர் மேல்தான் போகும். அவருடைய சிவப்புச் சட்டை கறுத்துப் போயிருக்கும். தோள்பையின் நீலமும் கறுப்பு. உதட்டில் ரத்தம் வற்றிய சாயல். சரி, நம் கை எப்படி என்று நீட்டிப் பார்த்தால் அதிலும் நிறமில்லை. ஆனால் ரேகைகளும் மயிர்க்கால்களும் முன்பைவிடத் துல்லியமாகத் தெரியும். மஞ்சள், கறுப்பு, இடைப்பட்ட சாயல்கள்: உலகத்தில் மிச்சம் அதுதான். லண்டன் நேஷனல் கேலரி 2017-இல் நிறம் நீக்கிய ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியபோது இந்த அறையையும் அதில் சேர்த்தது. சரியான இடம்.

இதில் மாயம் எதுவும் இல்லை. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே அடங்கிவிடுகிறது. சட்டை சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் சிவப்பு ஒளி விழ வேண்டும். விழுந்தால்தானே திருப்பி அனுப்பும்? இங்கே விழுவது ஒரே மஞ்சள். அதைக் கூடுதலாகவோ குறைவாகவோ திருப்பி அனுப்புவதைத் தவிர எந்தப் பொருளுக்கும் வேறு வழி கிடையாது. நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. அவை பெறும் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைக் கணிக்கிறது. ஒரே அலைநீளம் மட்டும் வந்தால் அந்த விகிதம் எங்கும் மாறுவதில்லை. ஒப்பிட ஏதுமில்லாத இடத்தில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஒளிக்கதிருக்கே நிறம் கிடையாது, நிற உணர்வை எழுப்பும் ஆற்றல்தான் உண்டு என்று 1704-இல் வெளியான 'ஆப்டிக்ஸ்' நூலில் நியூட்டன் எழுதிவிட்டார். படித்தால் புத்திக்குப் புரிகிறது. உடம்பு நம்புவதற்கு இப்படியோர் அறை வேண்டியிருக்கிறது.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்து நடப்பது. சிறிது நேரத்தில் கண் பழகிவிடுகிறது. முதல் திகைப்பு அடங்கி, பேச்சு தொடர்கிறது. எதிரே நிற்பவரின் முகம் முழுமையாகவே இருக்கிறது. எதையோ இழந்து நிற்கிறோம் என்ற எண்ணம் எழுவதில்லை. இருட்டில் நின்றால், தெரியவில்லை என்பதாவது தெரியும். இங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை, எல்லாம் துலக்கமாக இருக்கிறது, ஆனாலும் எண்ணற்ற வேறுபாடுகள் மறைந்து கிடக்கின்றன. உள்ளே இருக்கும்வரை அதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்கு வழி இல்லை. வாசலைத் தாண்டினால்தான் பிடிபடும். மஞ்சளில் களைத்த கண்ணுக்கு வெள்ளைச் சுவர்கூடச் சற்று நேரம் நீலம் பாய்ந்து தெரியும்.

ஜவுளிக்கடையில் எடுத்த புடவையை, "வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துடலாம்" என்று வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்காத அம்மாக்கள் நம்மிடையே குறைவு. கடை விளக்கில் மயில் கழுத்து நிறமாக மின்னியது பகலில் வெறும் பச்சையாக நிற்கும். புடவையிலும் தன் கண்ணிலும் அவருக்கு ஐயமில்லை; மேலே எரிகிற விளக்கின் மேல்தான் சந்தேகம். தேர்ந்த சந்தேகம் அது.

அந்தச் சந்தேகத்துக்கு எலியாசன் மதிப்புக் கொடுத்தார் என்பதை அவருடைய இன்னொரு படைப்பில் பார்க்கலாம். லண்டனில் பழைய மின்நிலையம் ஒன்று 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அதன் டர்பைன் கூடத்தில் 2003 அக்டோபரில் ஒரு சூரியன் உதித்தது. உண்மையில் அது அரைவட்டம்தான். சுமார் 200 சோடியம் விளக்குகள், முன்னால் ஒரு திரை, கூரை முழுக்கக் கண்ணாடி. மேல்பாதியைக் கண்ணாடி வரைந்து முடித்தது. பனிமூட்டத்தை இயந்திரங்கள் ஊதின. தரையில் மல்லாந்து படுத்த மக்கள் கைகால்களை ஆட்டி, மிக உயரத்தில் புள்ளிகளாகத் தெரிந்த உருவங்களில் தாங்கள் எது என்று தேடினார்கள். கொஞ்சம் நடந்து பின்பக்கம் போனால் விளக்குகளும் கம்பிகளும் இரும்புச் சட்டமும் கண்முன்னே. எலியாசன் எதையும் மூடி வைக்கவில்லை. சூரியனில் பாதி பிரதிபலிப்பு என்று அறிந்தபிறகும் கூட்டம் குறையவில்லை. 2004 மார்ச் வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சூட்சுமம் தெரிந்துவிட்டால் வியப்பு செத்துவிடும் என்ற பேச்சை இனி நான் ஏற்கமாட்டேன்.

எந்த விளக்கும் இல்லாத இடத்தில் நின்று யாரும் எதையும் பார்ப்பதில்லை. பிறந்த வீடு ஒரு விளக்கு, பழகும் கூட்டம் ஒரு விளக்கு, கையிலிருக்கும் திரை இன்னொன்று. ஒரு மனிதரை, ஒரு தெருவை, ஓர் இனத்தைப் பார்த்து "இவ்வளவுதான் இவர்கள்" என்று நாம் முடிவு கட்டும்போது, அவர்களிடம் உள்ள சிவப்பையும் நீலத்தையும் எழுப்பும் ஒளி நம் விளக்கில் இல்லாமல் இருந்திருக்கலாம். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. நம் கண்ணும் பழுதில்லை. விழ வேண்டிய ஒளி விழவில்லை, அந்த வெறுமையைக் கறுப்பு என்று படித்துவிட்டோம்.

ஆகவே நமக்கு உலகத்தைக் காட்டுகிற எவரிடமும், செய்தி தருபவரானாலும் வரலாறு எழுதுபவரானாலும் மேடையில் முழங்குபவரானாலும், விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. லண்டனில் எரிந்த அந்தச் சூரியனில் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய விஷயம், அதன் பின்பக்கத்துக்குப் போக விட்டிருந்த வழிதான்.