முதல் அடி யாருக்குச் சொந்தம்

பிள்ளைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். "ரெண்டு பிள்ளையைப் பெத்து ஆளாக்கினவளுக்கு இது ஒரு வேலையா?" என் நாத்தனார் மட்டும், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லி வாழ்த்தினார். என் பிள்ளைகள் வளர்ந்து, ஒருவன் புனேயிலும் ஒருத்தி ஓசூரிலுமாகக் குடித்தனம் போட்டாகிவிட்டது. இனி எதை வளர்க்க என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழமொழி அன்றைக்கே லேசாக உறுத்தியது. இங்கே ஊட்டினால் அங்கே ஏதோ வந்து சேரும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. நான் சேர்ந்த வேலையில் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வேறு எந்த வரவும் கிடையாது.

சென்னை துரைப்பாக்கத்தில், ஐ.டி. கம்பெனிகளின் முதுகுப் பக்கம் ஒரு தெரு. அதில் ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் காப்பகம். எனக்கு ஒதுக்கியது சின்னதுகள் அறை. ஒரு வயது முடிந்ததிலிருந்து இரண்டரை வரை. பேச்சு வராது, பல் வந்துகொண்டே இருக்கும். நடை வந்தும் வராமலும் இருக்கும்.

பிள்ளை வளர்த்த அனுபவம் இங்கே பாதிதான் கைகொடுத்தது. வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு அம்மா. அது தூங்கும்போது நாமும் கண் அசரலாம், அது அழுதால் குக்கரை இறக்கிவைத்துவிட்டு ஓடலாம். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். ஒன்றுக்குப் பசி, ஒன்றுக்குத் தூக்கம், ஒன்று டயப்பரை நிறைத்துவிட்டு மூலையில் முகம் சிவக்க நிற்கும். 2013-இல் வந்த தேசியக் கொள்கை, மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்கிறது. அதை எழுதியவர்கள் பத்து மூக்கு ஒரே நேரத்தில் ஒழுகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தெரிந்ததையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. திராட்சையை முழுதாகக் கொடுக்கக் கூடாது, நீளவாக்கில் நறுக்க வேண்டும். வேர்க்கடலை அறைக்குள்ளேயே வரக் கூடாது. கடிக்கிற பிள்ளையைத் திட்டிப் பிரயோசனமில்லை. அது கெட்ட பிள்ளை இல்லை, "என் பொம்மையை ஏன் எடுத்தாய்" என்று கேட்க அதற்கு இன்னும் வாய் வரவில்லை, பல் வந்துவிட்டது. கடிபட்ட பிள்ளையின் அம்மாவுக்கு இதைச் சாயங்காலம் விளக்குவது வேறு கலை.

ஒருத்தி வெள்ளிக் கொலுசோடு வருவாள். எனக்கு அது பெரிய உதவி. முதுகைக் காட்டி நின்று வேறொன்றுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாலும், அவள் கதவுப் பக்கம் போகிறாளா, தண்ணீர்ப் பக்கம் போகிறாளா என்று காதே சொல்லிவிடும். ஒருநாள் சத்தம் மாறியிருந்தது. உட்காரவைத்துப் பார்த்தால் ஒரு முத்து அரைகுறையாகத் தொங்குகிறது. மூச்சுக்குழலை அடைக்கிற சரியான அளவு. கழற்றித் துணியில் முடிந்து பையில் வைத்தேன். "பாட்டி போட்டது அக்கா, ஒரு வயசுக்கப்புறம் கழட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்று அவள் அம்மா தயங்கினாள். மறுநாள் கொலுசு வந்தது, முத்தில்லாமல். எந்தப் பக்கத்துச் சமரசம் அது என்று நான் விசாரிக்கவில்லை.

எங்களிடம் ஒரு மூத்த ஆயாம்மா உண்டு. படித்தவர் இல்லை, ஆனால் இந்த அறையின் பாதி அறிவு அவருடையது. நான் சேர்ந்த புதிதில், வந்த அன்றே அழாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்ட ஒரு பையனைக் காட்டி, "எவ்வளவு சமத்து பாருங்க," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "அழுவுற புள்ளைய விட்டுத் தள்ளு. அது அழுது முடிச்சிட்டுச் சோறு திங்கும். அழாம உக்காந்திருக்கு பாரு, அதுகிட்டப் போய் உக்காரு."

பிறகு வாசித்தபோதுதான் இதையே லண்டனில் ஒருவர் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், மருத்துவமனையில் தனியாகச் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பின்தொடர்ந்து எடுத்த படம், 1952-இல் வெளியானது. பெற்றோர் பார்க்க வருவதையே தொந்தரவாக நினைத்த காலம் அது. பிள்ளை அழுகையை நிறுத்தினால் பழகிவிட்டது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எதிர்க்கும், அப்புறம் நம்பிக்கை இழந்து ஓயும், கடைசியில் விலகிக்கொள்ளும் என்று ராபர்ட்சன் சொன்னார். அந்தச் சமத்து உண்மையில் துக்கம். டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்ததாம். வராதா பின்னே?

இதனால்தான் சொல்லாமல் நழுவுகிற அம்மாக்களோடு எங்களுக்குச் சண்டை. நம் வீடுகளில் அது வழக்கம். "அதோ பார் காக்கா" என்று ஒருவர் ஜன்னலைக் காட்ட, இன்னொருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போய்விடுவார். காக்காவைப் பார்த்துத் திரும்பினால் அம்மா இல்லை என்று ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை, அப்புறம் எதைக் காட்டினாலும் திரும்பாது. முந்தானையை விடாது. டாட்டா சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும், நாங்கள் இருக்கிறோம் என்கிறோம். அம்மாக்கள் படியிறங்கிய பிறகும் கேட்டுக்கு வெளியே நின்று அழுகை நிற்கிறதா என்று காது கொடுப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நின்றுவிடும். போன் செய்து சொல்வேன். நம்புகிறார்களா என்று தெரியாது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பைக் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பிள்ளைக்கு அம்மாவின் பிரிவு உறைக்க ஆரம்பிப்பதே சுமார் எட்டாம் மாதத்தில். விடுப்பு முடிந்து இவள் லேப்டாப்பைத் திறந்த ஓரிரு மாதத்தில் அது இவளைத் தேட ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து பாட்டி வந்து முதல் பிறந்தநாள் வரை தாங்கிப் பிடிப்பார். கேக் வெட்டி முடிந்ததும் பாட்டிக்கு மூட்டுவலி, தாத்தாவுக்குச் சமையல் இல்லை என்று ஊர் அழைக்கும். அடுத்த திங்கட்கிழமை எங்கள் வாசலில் பை. அதே சட்டம், 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. எங்களிடம் விட்டுப் போகிற எந்தத் தாயும் நான்கு முறை வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கிலோமீட்டர் தூரம், நடுவில் ஓ.எம்.ஆர். சாலைச் சிக்னல்.

"அந்தக் காலத்தில் இப்படியா பிள்ளையை அடுத்தவங்ககிட்ட விட்டோம்?" என்று ஒரு பெருமூச்சு அடிக்கடி கேட்கிறது. விட்டோம். நாற்று நடப் போனவள் வரப்போர மரத்தில் தூளி கட்டி, ஐந்து வயது அக்காளைக் காவல் வைத்துப் போனாள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போன தமிழ்ப் பெண்கள் பிள்ளை மடுவம் என்ற தோட்டக் காப்பகத்தில் விட்டுப் போனார்கள். இந்தியத் தோட்டங்களுக்கு 1951-ஆம் வருடச் சட்டத்திலேயே காப்பகம் இருந்தது. புதிதாக வந்திருப்பது, படித்த நடுத்தர வர்க்கத்துக்கும் அந்த நிலை வந்திருப்பதும் அதைப் பற்றி அது வருத்தப்பட்டு எழுதுவதும்தான்.

காப்பகத்துக்குள் ஒரு படிநிலை உண்டு. பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர் மிஸ், கழுவிவிடுபவர் ஆயாம்மா. மிஸ்ஸுக்குச் சம்பளம் கூட. சின்னதுகள் அறையில் இந்தப் பிரிவினை எனக்கு அபத்தமாகப் படுகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நாம் சொல்லித் தருவதில் பெரும்பகுதி டயப்பர் மாற்றும் பலகையில்தான் நடக்கிறது. ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர், 1946-இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் அவசரமாக முடிக்கிற வேலைகள் அல்ல, பிள்ளையோடு முழுதாக இருக்கிற நேரமே அதுதான் என்பது அவர் வைத்த முறை. எதைச் செய்வதற்கு முன்னும் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "இப்போ காலைத் தூக்கப் போறேன். ஜில்லுன்னு இருக்கும், துடைச்சிடுறேன், சரியா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தினமும் உதைத்துப் புரண்டு என் சேலையெல்லாம் பூசிவிடுகிற ஒரு பையன், சில வாரம் கழித்து, நான் "காலை" என்றதும் தானாகவே இடது காலைத் தூக்கி நீட்டினான். நான் பிடிக்கிற வரை அப்படியே வைத்திருந்தான், தொடை லேசாக நடுங்க. உடம்பு தன்னுடையது, யாரும் தன்னைக் கேட்டுத்தான் தொட வேண்டும் என்று ஒரு பிள்ளை முதன்முதலாகத் தெரிந்துகொள்கிற இடம் அது. அதைச் சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் சம்பளம் குறைவு.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை ஒரு பிள்ளை நம் மடியில். தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பும், எந்தக் காதைத் தடவினால் தூங்கும், ரசஞ்சாதத்தில் கறிவேப்பிலை பட்டால் எப்படித் துப்பும் எல்லாம் நமக்குத் தெரியும். இவ்வளவு நெருக்கத்துக்கு நம் ஊரில் எப்போதும் ஓர் உரிமை ஒட்டிக்கொண்டு வரும். சித்தியானாலும் எதிர்வீட்டு மாமியானாலும், தூக்கி வளர்த்தவள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்வாள். எனக்கு அது கிடையாது. காப்பகத்தை மாற்றினால் பிள்ளை போய்விடும். மூன்று வயதுக்கு முந்தைய நினைவு எதுவும் பெரும்பாலும் யாருக்கும் மிஞ்சுவதில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் அது என்னைத் தெருவில் கடந்து போகும். அதன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. என்னைத் தூக்கி வைத்திருந்த எத்தனை பேரை நான் மறந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாதே.

ஆன்ட்டி என்று கூப்பிடப் பழக்குங்கள் என்பார்கள். ஒன்றரை வயது நாக்குக்கு அது வராது, ஆத்தி என்று வரும். சிலதுக்கு அதுவும் வராமல் 'ம்மா' என்று நின்றுவிடும். ஒருத்தியின் அம்மா வாசலில் நிற்கும்போதே அவள் என்னைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். அந்த அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து எதையோ தேடினாள். மறுநாளிலிருந்து அவள் வருகிற நேரத்தில் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வதில்லை. கீழே விட்டுவிடுவேன். ஓடிப் போய் அவள் காலைக் கட்டிக்கொள்ளட்டும்.

முதல் அடி விஷயமும் இந்த வகைதான். பிள்ளைகள் பகலில் விழித்திருப்பது எங்களிடம். ஆகவே பல பிள்ளைகள் முதலில் நடப்பது எங்கள் அறையில். இதில் மூத்த ஆயாம்மாவின் சட்டம் கறாரானது: "பாத்தாலும் பாக்கல." ஒருவன் செருப்பு ஸ்டாண்டைப் பிடித்து நின்றவன், கையை விட்டு, குடிகாரன் மாதிரி மூன்று எட்டு வைத்து வாளியைப் பிடித்தான். நான் கத்தியிருப்பேன், ஆயாம்மா தொடையில் கிள்ளினார். சாயங்காலம் அவன் அம்மாவிடம், "இன்னிக்குப் பூரா நின்னுக்கிட்டே இருக்கான். வீட்ல ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து பாருங்க," என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை அவள் செல்போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். நாங்கள் எல்லாரும் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தோம்.

எங்களில் இளையவளுக்கு இது பிடிக்கவில்லை. "அது பொய்தானே அக்கா? அவங்க புள்ளையப் பத்தி அவங்களுக்கு உண்மை தெரிய வேணாமா?" அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காய்ச்சல், கடி, விழுந்தது எதையும் ஒரு மணிநேரம்கூட மறைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அவை பிள்ளையின் நலன். ஆனால் முதலில் பார்த்தவர் யார் என்பதில் பிள்ளைக்கு ஒரு லாபநஷ்டமும் இல்லை. நடந்தவன் அவன். அதைப் பார்த்த பெருமை பெரியவர்கள் பங்கிட்டுக்கொள்வது. அதில் என் பங்கை நான் விட்டுக்கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? எனக்குக் கொஞ்சம் குறையும். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று வைத்துக்கொண்டேன். அன்பைக் காசுக்குச் செய்கிறாய் என்று சொல்பவர்களுக்கும் என் பதில் அதுதான். காசு வாங்குவதால்தான், மடியில் இருக்கிற பிள்ளையை ஆறரை மணிக்கு முகம் கோணாமல் எடுத்துக் கொடுக்க முடிகிறது.

இந்த 'பாத்தாலும் பாக்கல' ஏற்பாட்டுக்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. பெற்றோர் கேட்டார்கள் என்று அறையில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். செல்போனில் எந்நேரமும் பார்க்கலாம். போன மாதம் ஒருத்தி நடந்து முடித்துச் சுவரைப் பிடிப்பதற்குள் அவள் அம்மாவிடமிருந்து எனக்கு போன். ஆபீஸ் கழிவறையிலிருந்து பேசுகிறாள் போல, குரல் எதிரொலிக்கிறது.

"அக்கா, இப்ப நடந்தாளா? மீட்டிங்ல இருந்தேன், பாதி ஸ்டக் ஆயிடுச்சு. இன்னொரு தடவை நடக்க வையுங்களேன், கேமரா பக்கம்."

தூக்கிக் கொண்டுபோய்க் கேமராவுக்கு நேரே நிறுத்தினோம். பொம்மை காட்டினோம், ஸ்பூனால் தட்டிப் பார்த்தோம். அவள் சாவகாசமாக உட்கார்ந்து, மிதியடியின் ஓர நூலை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள்.