பழகிவிடும்

என் தங்கை மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம். நாற்பது வயதுக்குமேல் அவனுக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சென்ற மாதம் அவன் எழுதிய கடிதம் முழுவதும், புதிதாக வாங்கிய ஒரு சேணத்தைப் பற்றியதுதான். அந்த நாட்டு மாட்டுக்காரர்கள் போடுகிற சேணம். ஏறத்தாழ 20 கிலோ கனம். முன்புறம் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஓடுகிற கன்றின் கழுத்தில் சுருக்குக் கயிற்றை வீசி, மறுமுனையை அந்தக் கொம்பில் கட்டிவிட்டால், கன்று துள்ளுகிற துள்ளலையெல்லாம் குதிரையின் உடம்பு தாங்கிக்கொள்ளும். தோல் விறைப்பாக இருக்கிறதாம். அங்கவடி முழங்காலைத் திருகுகிறதாம். வார்களை நனைத்து, இரண்டு அங்கவடிகளுக்கும் குறுக்கே ஒரு துடைப்பக் கட்டையைச் செருகி இரவெல்லாம் வைத்திருக்கிறான். "இரண்டு வாரத்தில் எல்லாம் பழகிவிடும் என்கிறார்கள், மாமா. நம் பக்கத்தில் யாராவது எப்போதாவது குதிரை ஏறியிருக்கிறார்களா?" என்று முடித்திருந்தான்.

அந்தக் கேள்வி மனத்தில் இருக்கும்போதே ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புன்னக்காயல் போக நேர்ந்தது தற்செயல்தான். கோயிலில் பூசை முடிந்து விருந்துக்கு நேரமிருந்ததால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடம்வரை நடந்தேன். கரையில் ஒருவர் புது நைலான் கயிற்றை விரித்துப் போட்டு முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். "புதுக் கயிறு சொன்ன பேச்சு கேக்காதுய்யா. நாலு நாளு கடல்தண்ணி குடிச்சா பழகிரும்" என்றார். கயிறு பழகுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கு நோவு கிடையாது.

குதிரைக்கு உண்டு. இந்தக் கரைக்கு அது தெரியும். அருகேயுள்ள பழையகாயல்தான் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் என்று கால்டுவெல் கருதினார். ஆறு கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கி, இன்று அது உள்நாட்டு ஊராகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த கப்பல்கள் அங்கே குதிரைகளை இறக்கின. பாண்டிய மன்னனும் அவன் சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லையாம். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே போடுகிறார்: குதிரை ஒன்றுக்கு 220 தீனார், கடலில் இறந்ததற்கும் கஜானாவிலிருந்து பணம். வந்து இறங்கியதும் நாற்பது நாள் முளையில் கட்டிவைத்து நெய்யும் பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு எந்தப் பயிற்சியுமின்றி, அங்கவடி முதலிய சாதனங்களுமின்றி, ஏறிப் பேய்போல் விரட்டுவார்களாம். காற்றாய்ப் பறந்த குதிரைகள் சில நாளில் மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போகுமாம். விற்கிற தேசத்துக்காரர் வாங்குகிறவனை ஏளனம் செய்வது சகஜம். கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் ஒன்று மனத்தை உறுத்துகிறது. பாண்டியன் குதிரைக்குப் பழகவேண்டிய அவசியமே நேரவில்லை. அடுத்த கப்பல் எப்போதும் கடலில் வந்துகொண்டிருந்தது. பழகுகிற பாடு முழுவதும் குதிரையின் பங்காகிவிட்டது.

தமிழில் 'பழகு' என்பதற்கும் 'பழக்கு' என்பதற்கும் ஒரு க்-தான் வித்தியாசம். 'பழகிவிடும்' என்று சொல்கிறபோது, பழக்குகிறவன் அந்த வாக்கியத்திலிருந்து மெல்ல நழுவிவிடுகிறான். சொல்பவன் ஒருவன், சுமப்பது வேறொன்று.

சிறுவயதில் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஜட்காவில் போவோம். வழக்கமாக வரும் வண்டிக்காரர் ஒரு நாள் தம் மட்டக்குதிரைக்குப் புதுத் தோல்பட்டை பூட்டி வந்தார். அடுத்த முறை பார்த்தபோது அதன் தோளில் ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து ஈ மொய்த்தது. "வலிக்காதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழகிரும் தம்பி" என்றார். கொடியவர் அல்ல, தம் வெற்றிலைச் செலவைக் குறைத்துக் கொள்ளு வாங்கிப் போடுகிறவர். பட்டையைப் பிரித்துத் தைக்கக் கையில் காசில்லை, அவ்வளவுதான். முதலில் சில நாள் நான் அந்தப் புண்ணைப் பார்க்கச் சகிக்காமல் வண்டியின் பின்புறம் உட்கார்ந்தேன். மாதம் முடிவதற்குள் முன்னால், அவர் பக்கத்து இடத்துக்காக என் தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இடையில் புண் ஆறிற்றா, எப்போது ஆறிற்று என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. குதிரைக்குப் பழகிற்றோ என்னவோ, எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பிறகு அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. பொட்டு வைத்தாற்போல் அழகாயிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அழுத்திப் புண்ணான இடத்தில் மயிர் வெளுத்து முளைக்கும் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்.

நோவு தீர்ந்துவிட்டதா, அல்லது நோவைக் காட்டுவது வீண் என்று தெரிந்துகொண்டதா? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அமைதியாக நிற்கிற குதிரையை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. புகுந்த வீட்டிலிருந்து தங்கை எழுதிய முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலிலும் அந்த ஒற்றைச் சொல்தான் இருந்தது. பிறகு அவள் அதைப்பற்றி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் மகனுக்கு அதையெல்லாம் எழுதவில்லை. இதை மட்டும் எழுதினேன்: "உன் முழங்காலை விடு. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் குதிரையின் முதுகைப் பார். சேணம் இருந்த இடம் முழுவதும் சீராக வேர்த்திருந்தால் சரி. சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் எங்கேனும் திட்டாக உலர்ந்திருந்தால் அங்கே கட்டை அழுத்துகிறது என்று பொருள்."

நேற்றுப் பதில் வந்தது. தோளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு உலர்ந்திருக்கிறதாம். சேணம் விற்றவர், கம்பளி ஒன்று கூடப் போட்டால் போதும் என்கிறாராம். இறுகின செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்டாற்போல்தான் ஆகும் அது. திருப்பி விற்றால் பாதி விலைகூடத் தேறாது. "குதிரை ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை, மாமா, இப்போது நன்றாகத்தான் நிற்கிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறான். கன்று பிடிக்கும் பந்தயம் வருகிற சனிக்கிழமையாம்.