கவிழ்ந்தாலும் கரையேறலாம்



இந்த மாதம் உங்களை ஒரு ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நம்ம பக்கத்து ஆறு அல்ல. நியூசிலாந்து தேசத்தின் தென் தீவிலே ஓடுகிற வைமகரிரி ஆறு. மாவோரி ஜனங்களின் பாஷையிலே அந்தப் பேருக்குக் குளிர்ந்த தண்ணீர் என்று அர்த்தம். பேருக்கு ஏற்றபடி மலையிலிருந்து வருகிற சில்லிட்ட தண்ணீர்தான்.

அந்தத் தேசத்திலே 1983-ஆம் வருஷம் ராபின் ஜட்கின்ஸ் என்பவர் ஒரு பந்தயத்தைத் தொடங்கினார். 'கோஸ்ட் டு கோஸ்ட்' என்று பேர். மேற்குக் கடற்கரையிலே புறப்பட்டு, மலைத்தொடரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். மொத்தம் 243 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் சைக்கிள், கொஞ்ச தூரம் கல்லும் ஆறுமான மலைவழியிலே ஓட்டம், அதற்குப் பிறகு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஆற்றிலே படகு, முடிவிலே மறுபடியும் சைக்கிள்.

"பாஸ்டர், விளையாட்டுச் செய்தி நமக்கு எதுக்கு?" என்று கேட்காதேயுங்கள். ஓட்டப்பந்தயத்தைக் காட்டி அப்போஸ்தலனாகிய பவுலும் சபைக்குப் போதித்திருக்கிறாரே!

ஓடுகிறவர்கள் உண்டு, சைக்கிள் மிதிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அநேகர் முதல் தரம் பயப்படுவது அந்த ஆற்றுக்குத்தான். படகோ காயாக் என்கிற ஒடுக்கமான படகு. உட்கார்ந்தால் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் புகாதபடி ஒரு துணிமூடி போட்டுக்கொள்வார்கள். வேகமாய்ப் போகிற படகு மெல்லியதாய் இருக்கும், சீக்கிரம் ஆடும். முதல் முறை துடுப்பு பிடிக்கிறவர் அதிலே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று!

அந்தப் புதியவருக்கு ஆறு சொல்லிக்கொடுக்கிற மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பயந்து துடுப்பைத் தூக்கிவிடாதே. அலை எழும்பி வருகிறதைப் பார்த்தவுடனே புதியவர் என்ன செய்வார்? துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு, உடம்பை விறைத்துக்கொண்டு சும்மா உட்காருவார். அங்கேதான் கவிழ்வது! துடுப்பு தண்ணீரிலே இருக்குமட்டும் அது அவருக்கு ஊன்றுகோல். தூக்கிவிட்டால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. தேவபிள்ளையே, உன் வீட்டிலே அலை எழும்பினபோது நீ முதலாவது எதை நிறுத்தினாய்? குடும்ப ஜெபத்தை அல்லவா? "மனசே சரியில்ல பாஸ்டர், அப்புறம் ஜெபிக்கலாம்னு விட்டுட்டேன்" என்கிறாய். அலையிலேதானே துடுப்பு வேண்டும்!

இரண்டாவது, பாறையைக் கண்டு விலகிச் சாயாதே. ஆற்றின் நடுவிலே ஒரு பாறை. தண்ணீர் படகைக் கொண்டுபோய் அதன்மேல் பக்கவாட்டிலே சேர்க்கிறது. மனுஷ சுபாவம் என்ன? பாறைக்கு எதிர்ப்புறமாய்ச் சாய்வது. அப்படிச் சாய்ந்தால் மேலேயிருந்து வருகிற வெள்ளம் படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துப்போடும். தெரிந்தவர்கள் பாறையின் பக்கமாகவே சாய்வார்கள். பயமாயிருக்கிற பக்கத்திலேதான் பாதுகாப்பு. சிலர் பாவம் செய்தவுடனே கர்த்தருக்குப் பயந்து கர்த்தரைவிட்டே விலகிச் சாய்கிறோம். ஆதாமும் அப்படித்தானே மரங்களுக்குள்ளே ஒளிந்தான்? விலகாதே, கன்மலையின் பக்கமாய்ச் சாய்ந்துகொள்!

மூன்றாவது, கவிழ்வதற்கும் ஆயத்தமாயிரு. இதைக் கேளுங்கள். படகிலே இறங்குகிறவர் முதலாவது பழகவேண்டியது, வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வருவது! அந்தத் துணிமூடியின் முன்பக்கத்திலே ஒரு வார் உண்டு. தலைகீழானாலும் அதைப் பிடித்து இழுத்தால் மூடி கழன்றுவிடும், ஆள் வெளியே வந்துவிடலாம். அந்த வார் உள்ளே மடிந்துபோகாமல் எப்போதும் வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ஆற்றிலே விழுந்த பிறகு, வெள்ளம் இழுக்கும்போது எழும்பி நிற்கப் பார்க்கக்கூடாது, கால் கல்லிடுக்கிலே மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகிற திசைக்கு நீட்டி, தலையை உயர்த்தி மிதந்துகொண்டே கரை பார்க்க வேண்டும். "நானே நின்று காட்டுவேன்" என்கிற வீறாப்பு அங்கே செல்லாது.

கவிழ்ந்தவுடனே பந்தயம் முடிந்துபோகிறதில்லை. நனைந்தவர் கரையேறி, படகிலிருக்கிற தண்ணீரைக் கொட்டி, நடுங்கிக்கொண்டே மறுபடி உட்காரலாம். பக்கத்திலே போகிற போட்டிக்காரரே தன் நேரம் போனாலும் நின்று, அவருடைய படகைக் கரைக்குத் தள்ளிக் கொடுப்பதுண்டு.

இதைப் படித்தபோது என் இருதயம் குத்தப்பட்டது. காரணம் சொல்கிறேன்.

நம்முடைய சபையிலே ஞானஸ்நானம் எடுத்த ஒரு வாலிபத் தம்பி. அவனுடைய சம்மதத்தோடேதான் எழுதுகிறேன். குடியை விட்டான். எட்டு மாதம் நல்ல சாட்சியாய் நடந்தான். ஒரு கல்யாண வீட்டிலே பழைய சிநேகிதரோடே போய் விழுந்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையிலே தலைகுனிந்து வந்து உட்கார்ந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேர் சொல்லாமல் பிரசங்கத்திலே அடித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

பல வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சொன்னான்: "ஐயா, விழுந்தது கூட எனக்குப் பெரிசா தெரியல. எழும்பி வந்த இடத்துல நீங்க அடிச்சதுதான் தாங்க முடியல." நான் ஒன்றும் பேச முடியாமல் அழுதேன். அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். அவன் மீன்பிடிக்கிறவன், தண்ணீரோடேயே வளர்ந்தவன். ஆனாலும் காற்றைப் பார்த்தான், அமிழ ஆரம்பித்தான், கூப்பிட்டான். அவன் கூப்பிட்ட அந்தச் சத்தம்தான் அவன் இழுத்த வார்! மத்தேயு 14-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். இயேசு முதலாவது என்ன செய்தார்? கையை நீட்டிப் பிடித்தார். ஏன் சந்தேகப்பட்டாய் என்கிற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. முதலாவது கை, பிற்பாடு கேள்வி. ஊழியக்காரனாகிய நானோ கேள்வியை முதலாவது வைத்தேன், கையை நீட்ட மறந்துபோனேன். கரையிலே நின்று கத்துகிறவனாய் இருந்தேன்.

அந்தத் தம்பி இன்னும் முழுவதும் திரும்பி வரவில்லை. புதன்கிழமை உபவாச ஜெபத்திலே வாசல்வரைக்கும் வந்து நிற்கிறான். இனி அவன் உள்ளே வருகிற நாளிலே யாரும் திரும்பிப் பார்க்காதேயுங்கள். தள்ளி உட்கார்ந்து, பக்கத்திலே இடம் கொடுங்கள். அது போதும்.

இதை வாசிக்கிற நீயும் கவிழ்ந்து கிடக்கிறாயோ? "எந்த முகத்தோட சபைக்கு வர்றது?" என்கிறாயோ? நனைந்த முகத்தோடேயே வா. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி உட்காரு. இன்னும் தூரம் இருக்கிறது, துடுப்பும் உன் கையிலே இருக்கிறது. அல்லேலூயா!

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, அமிழ்ந்துபோகிற நேரத்தில் உம்மைக் கூப்பிட எங்களுக்குக் கிருபை தாரும். விழுந்தவர்களைப் பார்த்துக் கரையிலிருந்து கத்துகிறவர்களாய் அல்ல, கை நீட்டுகிறவர்களாய் எங்களை மாற்றும். வாசலிலே நிற்கிற பிள்ளைகளை உள்ளே கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.