எது பக்கம், எது நடு?

ஒரே செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்து விளையுமாயின், தீமையை முன்னறிந்தும் அதை நாடாமல் நன்மையை மட்டும் நாடிச் செய்தவன் அத்தீமைக்குப் பொறுப்பாவானா என்னும் கேள்வியை, 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் தற்காப்புக் கொலையை முன்வைத்து ஆராய்ந்தார். தன் உயிரைக் காப்பதே நோக்கமாக இருக்கும்போது, தாக்க வந்தவன் இறப்பது நோக்கத்துக்குப் புறம்பாக நிகழ்வது என்பதும், தேவைக்கு மிஞ்சிய வன்மை அச்செயலைக் குற்றமாக்கிவிடும் என்பதும் அவர் கண்ட முடிவு. பின்வந்த கத்தோலிக்க அறவியலாளர்கள் இதை இரட்டை விளைவுக் கோட்பாடாக வளர்த்து, தீமை நோக்கமாகவும் கூடாது, நன்மைக்கு வழியாகவும் கூடாது, நன்மையின் அளவை மிஞ்சவும் கூடாது என வரையறுத்தனர். மருத்துவத்தில் அன்றாடம் புழங்கும் 'பக்க விளைவு' என்னும் சொல்லுக்குள் இக்கோட்பாடு ஓசையின்றிக் குடியிருக்கிறது. விளைவுகளுள் எது நடு, எது பக்கம் என்பதை மருந்து அறியாது, கொடுப்பவரின் நோக்கமே அதை வகுக்கிறது.

நோக்கமோ ஒரு கொள்கையைப் பற்றி நிற்பது. கொள்கை பிழைபட்டால் நடுவும் பக்கமும் இடம் மாறிவிடும். முடக்குவாதத்துக்கு நெடுங்காலம் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும் சிகிச்சை இதற்குத் தெளிவான சான்று. உடலின் தற்காப்பு ஆற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனக் கொண்டு தாக்குவது முடக்குவாதம். இதன் வேரில் மைக்கோபிளாஸ்மா என்னும், செல்சுவர் இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா இருப்பதாகக் கருதிய அமெரிக்க மருத்துவர் தாமஸ் மக்ஃபெர்சன் பிரௌன், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார். அவரது தொற்றுக் கொள்கை மருத்துவ உலகில் நிலைபெறவில்லை. ஆயினும் மருந்து பயனற்றுப் போய்விடவும் இல்லை. 219 பேரை 48 வாரம் கண்காணித்து 1995இல் வெளியான ஆய்வில், டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த மினோசைக்ளினை நாளுக்கு 200 மி.கி. பெற்றோரில் 54 விழுக்காட்டினருக்கு மூட்டு வீக்கம் தணிந்தது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரிலும் 39 விழுக்காட்டினருக்குத் தணிந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மினோசைக்ளினை நெடுநாள் உட்கொள்வோர்க்குத் தலைச்சுற்றலும், தோலிலும் ஈறிலும் நீலங்கலந்த கருமையும், அரிதாக மண்டையோட்டுக்குள் அழுத்த மிகுதியும் வருவதுண்டு. இவற்றினும் சிந்தனைக்குரியது, சிலருக்கு இம்மருந்தே, உடல் தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூப்பஸ் போன்றதையோ, தற்காப்பு ஆற்றல் கல்லீரலைத் தாக்கும் அழற்சியையோ தூண்டிவிடுவதாகும். தன்னையே தாக்கும் உடலுக்குக் கொடுத்த மருந்து அவ்வுடலைத் தன்மீதே மறுபடி ஏவிவிடுகிறது. அந்த லூப்பஸும் மூட்டுவலியாகவே வெளிப்படுவதால், தீங்கு பழைய நோயின் முகத்தோடு வந்து நிற்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் அது தணிந்துவிடும், ஆனால் நிறுத்த வேண்டும் என்று தோன்றவேண்டுமே. பிரௌனின் முறையிலோ, தொடக்கத்தில் வலி மிகுவது மடியும் கிருமிகள் உமிழும் நச்சால் என்று விளக்கப்பட்டது. மேகநோய்ச் சிகிச்சையில் அத்தகைய எதிர்வினை உண்மையாகவே உண்டு. எனினும் கிருமி உறுதிப்படாத நோய்க்கு அவ்விளக்கத்தைப் பொருத்தினால், தணிந்தாலும் சான்று, மிகுந்தாலும் சான்று என்றாகி, கொள்கையை மறுக்கக்கூடிய நிகழ்ச்சி எதுவுமே எஞ்சாது. இறைவன் தரும் துன்பத்தையும் அருளாகக் காணும் மறக்கருணை என்னும் சைவக் கருத்து அடியவரின் உள்ளத்துக்கு உரம் தரலாம். அதே நோக்கு மருந்துச் சீட்டில் ஏறும்போது நோயாளியின் முறையீடு கேட்பாரற்றுப் போகிறது.

இனிக் கொள்கை பிழைபட்ட பின் நிகழ்வது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பாக்டீரியாவை அடக்குவதோடு, குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளையும் அடக்குகின்றன. முடக்குவாதத்தில் பயன் தந்தது இந்த இரண்டாவது வேலைதான் என்றால், கிருமியை ஒடுக்குதல், அதாவது மருந்துக்குப் பெயர் வாங்கித்தந்த அதே வேலை, பக்க விளைவாகிவிடுகிறது. குடலின் பாக்டீரியாக்கள் காரணமின்றி மடிகின்றன; மருந்தை எதிர்க்க வல்லவை எஞ்சிப் பெருகிப் பிறருக்கும் பரவுகின்றன. தோல் கருப்பதை நன்மையோடு சீர்தூக்கி ஏற்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. இசைவு கேட்கப்படாத அயலாரின் சார்பில் அவர் எதையும் ஏற்க இயலாது.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், நோயின் தொடக்கநிலையில் இருந்த 66 பேருக்கு முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையோடு, ஒரு பிரிவினருக்கு டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் நாளுக்கு 200 மி.கி. அளவிலும், மற்றொரு பிரிவினருக்குக் கிருமியை ஒடுக்கப் போதாத 40 மி.கி. மட்டுமும், மூன்றாம் பிரிவினருக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. ஈராண்டு முடிவில் நோய் பாதியளவேனும் தணிந்தோர் முதலிரு பிரிவுகளிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு, மூன்றாவதில் 12.5 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆயினும் அதன்படி பார்த்தால், தேவைக்கு மிஞ்சிய வன்மை என்று அக்குவினாஸ் குறித்தது இங்கே நாளுக்கு 160 மி.கி.