கண் வைக்க இடமில்லாத கருவி

பழைய டிவிடி டிரைவ் இரண்டைப் பிரித்து நான் கட்டிய நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. வைக்கவும் கூடாது, லேசர் பார்வையைக் கெடுத்துவிடும். ஒரு டிரைவின் லென்ஸ் 650 நானோமீட்டர் சிவப்புக் கதிரைப் புள்ளியாகக் குவிக்கிறது. லென்ஸைத் தாங்கும் கம்பிகள் தலைமயிர் மாதிரி. சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்க, லென்ஸ் அசைந்து புள்ளி நகரும். மற்ற டிரைவின் சுருள், மேலே ஒட்டிய மின்னணுச் சில்லைக் குறுக்கே நகர்த்தும். திரும்பிவரும் ஒளியை உணரி எண்களாக்க, கணினி அவற்றை வரிவரியாக அடுக்குகிறது. திரையில் உலோகக் கோடுகள் எழும்புகின்றன.

இது நேரில் காணும் காட்சியா, ஊகித்து அறியும் கருதலா? அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அறியும் வழிகளான அளவைகளை இப்படி வகுத்திருக்கிறார். என் கண் அந்த ஒளியைத் தொடவே இல்லை. ஆகவே புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுதான் இதுவும் என்பார் கண்டிப்பான பண்டிதர். எனக்கு உடன்பாடில்லை. கண் தானாகக் காணாது, அது உயிருக்குக் கருவி என்பதும் சித்தாந்தமே. ஒரு கருவிக்கு முன்னால் இன்னொன்றை வைத்தால் காட்சி எந்த இடத்தில் அறுந்துபோகும்?

ஆனால் ஒன்றை வேறொன்றாகக் காணும் திரிபுக் காட்சி என்று ஒன்று உண்டே. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சில நேரம் படத்தில் பட்டைகளாக விழும், அசல் கோடுகளைப் போலவே. சில்லைச் சற்றுத் திருப்பி ஒட்டிப் பார்ப்பேன். கோடு கூடவே திரும்பினால் சில்லினுடையது, திரும்பாவிட்டால் கருவியினுடையது. இந்தச் சோதனை மட்டும் கலப்பில்லாத கருதல், பண்டிதர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.