முதுமையில் நோன்பு

யாக்கை நிலையாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது நாலடியார். ஆயினும் அவ்யாக்கை முதுமையில் எவ்வாறு மாறுகிறது என்பதை நாம் ஊன்றி நோக்குவதில்லை. எழுபதைக் கடந்த பெரியோர், நாற்பதில் நோற்றவாறே நீரும் பருகாது உபவாசம் இருக்க முற்படுகின்றனர். இயலாதபோது விரதபங்கம் நேர்ந்ததென மனம் வெதும்புகின்றனர். இவ்வருத்தம் தகுமா?

முதுமையில் தாகவுணர்வு குறைகிறது. உடலுக்கு நீர் வேண்டியிருந்தும் நா அதனை அறிவிப்பதில்லை. நீரைச் சேமிக்கும் ஆற்றலும் சிறுநீரகங்களில் தளர்கிறது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்போர் வெறும் வயிற்றுடன் இருந்தால் மயக்கம் நேரலாம். மூச்சின் வலிமையும் குன்றுகிறது. எண்ணூர்ப் பக்கம் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. எனினும் சுற்றிலும் வேறு அனல்மின் நிலையங்கள் உள்ளன. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியா கசிந்தபோது, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இளைஞர் தாங்கும் காற்றை முதியோர் தாங்குவதில்லை.

தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவத்தைக் கூறுமிடத்து, ‘சக்திக்கேற்ற தவம்’ என்றே தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அளவு சக்தியைப் பொறுத்தது. சக்தியோ வயதைப் பொறுத்தது. புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்தே, வயிறு நிரம்பாது உண்ணும் அவமோதரியமும் வைக்கப்பட்டுள்ளது. அதனைத் தாழ்ந்த தவமென எவரும் கருதியதில்லை.

இது சோம்பலுக்கு இடந்தராதா எனக் கேட்கலாம். தரக்கூடும். இயலாமை வேறு, மனமின்மை வேறு. அவ்வேறுபாட்டை நோற்பவர் ஒருவரே அறிவார். ஆகவே மருமகளோ அண்டை வீட்டாரோ தீர்ப்புக் கூறுவது முறையன்று.

சல்லேகனையைச் சான்று காட்டுவோரும் உளர். ரத்தினகரண்டக சிராவகாசாரம் முதுமையையும் அதற்குரிய நிலைகளுள் ஒன்றாகக் கூறுவது மெய்யே. ஆனால் மாற்ற வழியில்லாத நிலை என்பது அங்கே நிபந்தனை. 2015-இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலையென்று கூறியபோதும், அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தபோதும், நம்மவர் இவ்வேறுபாட்டையே எடுத்துரைத்தனர். ஒரு குவளை வெந்நீரால் தீரும் மயக்கம் எவ்வாறு மாற்றவியலாத நிலையாகும்?

தசலக்ஷண நாட்களுக்கு முன்னரே, மாத்திரை உண்ணும் வேளையைப் பகற்பொழுதிற்குள் அமைத்துத் தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம். பல மருந்துகளுக்கு அது இயலும். முதிய கண்ணுக்கு வெளிச்சம் மிகுதியாக வேண்டும். நிலம்நோக்கி நடக்கும் ஈரியா சமிதி அரையிருளில் கைகூடாது. ஜினாலயத்திற்கு நன்கு விடிந்தபின் புறப்படுக.